கடல் கடந்த கடிதங்களும் கம்பனி முத்திரைகளும்



இலக்கியத் தொடர் ஒன்றில் முத்திரை சேர்ப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தூது என்றொரு சிற்றிலக்கிய வகையையே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. அன்னத்தையும் கிளியையும் முகிலையும், ஏன், தம் நெஞ்சையுமே தூதாக அனுப்பிய புலவர்கள் நமக்கு உண்டு. ஆனால், போய்வரும் கூலியை யார் கொடுப்பது என்ற கவலை, நான் படித்த எந்தத் தூது நூலிலும் இல்லை. நான் இன்று பேசப்போவது அந்தக் கூலியைப் பற்றித்தான். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டுமானால், அதை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். சுமப்பவருக்குக் கூலி கொடுத்தாயிற்று என்பதற்கான சிறிய சான்றுதான் முத்திரை.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது சிறு வயதில். என்னுடைய பெரியப்பா அப்போது நெடுந்தீவில் ஆசிரியராக இருந்தார். மாதத்தில் இரண்டு கடிதமாவது ஆச்சிக்கு எழுதுவார். ஆச்சிக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டதால், கடிதத்தை உரக்க வாசிப்பது என் வேலை. வாசிப்பதற்கு நான் கேட்ட கூலி உறையில் இருந்த முத்திரை. கத்தரிக்கோலால் உறையின் மூலையை வெட்டி, சிரட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை கரைந்ததும் முத்திரையை உரித்தெடுத்துக் கொப்பியின் தாள்களுக்கிடையில் உலரவைப்பேன். மூலை போன உறை அடுப்புக்குப் போகும். “முத்திரையை எடடா மோனை, உறையை எரிக்காதை. அதிலை அவன்ரை கையெழுத்தெல்லோ கிடக்கு” என்று ஆச்சி ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது. நான் கேட்கவில்லை. அந்த உறைகளுக்குப் பின்னர் வருகிறேன்.

முத்திரை பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததே. பிரித்தானியாவில் 1840ஆம் ஆண்டுக்கு முன்னர், கடிதம் சென்ற தூரத்தையும் அதிலிருந்த தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கூலி அறவிட்டார்கள். பெரும்பாலும் அதைக் கொடுத்தவர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர். றோலண்ட் ஹில் என்பவர் இந்த முறையைத் தலைகீழாக்கினார். அனுப்புபவரே முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். அரை அவுன்சுக் கடிதத்துக்கு, நாட்டின் எந்த மூலைக்கென்றாலும் ஒரு பென்னி. 1840 மே 6ஆம் திகதி முதல் செல்லுபடியான கறுப்புப் பென்னி முத்திரை அந்த ஏற்பாட்டின் அடையாளம். இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வாக்குறுதி அடங்கியிருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று அரசு தன் குடிமகனுக்குச் சொல்கிறது. நெடுந்தீவிலிருந்து படகேறிக் கடல் தாண்டி வந்த பெரியப்பாவின் கடிதத்திலும், பக்கத்து ஊரிலிருந்து துவிச்சக்கரவண்டியில் வந்த கடிதத்திலும் ஒரே பெறுமதியுள்ள முத்திரைதான் ஒட்டப்பட்டிருந்தது. அன்று அதை நான் ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அந்த வாக்குறுதி எட்டாத இடங்களும் உலகில் உண்டு என்பது பின்னாளில், கப்பற் கம்பனிகள் வெளியிட்ட முத்திரைகளைத் தேடத் தொடங்கியபோதுதான் தெரியவந்தது. அரசின் தபால் எந்தக் கரையில் நின்றுவிட்டதோ, அந்தக் கரையிலிருந்து கடிதத்தை ஏற்றிச் சென்றவர்கள் ஒட்டியவை அவை. முத்திரை சேர்ப்போர் இவற்றை உள்ளூர் முத்திரைகள் என்பார்கள்.

இவற்றில் மூத்ததும் புகழ்பெற்றதும் மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டில் பிறந்தது. அங்கே போர்ட் ஒஃப் ஸ்பெயின், சான் பெர்னாண்டோ என்ற இரு பட்டினங்களும் பாரியா வளைகுடாவின் கரையில் இருக்கின்றன. அக்காலத்தில் இரண்டுக்கும் இடையே தரைவழி மிக மோசம். ஆகவே கடல்வழியாக ஒரு சிறிய நீராவிக் கப்பல் ஓடியது. தீவின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி மக்லியோடின் மனைவியை நினைந்து அதற்கு ‘லேடி மக்லியோட்’ என்று பெயர். ஆட்களையும் சரக்கையும் ஏற்றியதோடு கடிதங்களையும் அது கொண்டுசென்றது. கப்பலின் உரிமையாளரான டேவிட் பிறைஸ், 1847 ஏப்ரலில் ஒரு முத்திரையை வெளியிட்டார். தனியே வாங்கினால் ஐந்து சதம். நூறாக வாங்கினால் நான்கு டொலர். முத்திரை ஒட்டாத கடிதத்துக்குப் பத்துச் சதம். நீல நிறம், நடுவே வெள்ளையில் ஒரு கப்பல், கீழே கப்பலின் பெயரெழுத்துகள் பின்னிய ஒரு குறி. விலை அச்சிடப்படவில்லை. உலகில் கப்பலின் படம் தாங்கி வந்த முதல் முத்திரை இதுதான். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் தோன்றிய முதல் முத்திரையும் இதுவே. பெயர் பெற்ற மொறீசியஸ் முத்திரைகள் அதே ஆண்டில் சில மாதங்கள் பிந்தித்தான் வந்தன.

பயன்படுத்திய முத்திரையை மறுபடி ஒட்டாமல் தடுக்கத் தபாற்கந்தோரில் வட்டக் குறி குத்துவார்கள் அல்லவா? லேடி மக்லியோட் கப்பலில் அதற்கான கருவி இல்லை. பேனாவால் ஒரு பெருக்கல் குறி கீறினார்கள். அல்லது முத்திரையின் ஒரு மூலையைக் கிழித்துவிட்டார்கள். சாதாரண முத்திரையில் மூலை கிழிந்திருந்தால் குப்பைக்குத்தான் போகும். இந்த முத்திரையிலோ கிழிந்த மூலையே வேலை செய்ததற்கான அத்தாட்சி. உழைத்த கையின் காய்ப்பைப் போன்றது அது. ஸ்டான்லி கிபன்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற முத்திரைப் பட்டியலில் டிரினிடாட் பகுதியின் முதலாம் இலக்கமே இதுதான். ஒரு தனியாளின் கப்பற்சீட்டு, அரசின் முத்திரைகளுக்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். 1845 மே 30ஆம் திகதி ‘ஃபதல் ரசாக்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இதே பாரியா வளைகுடாவில் நங்கூரமிட்டது. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் தமிழர்களும் இருந்தார்கள். நமது மலையக மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே காலம் அது. டிரினிடாட்டுக்குப் போனவர்கள் வெட்டியது கரும்பு. சான் பெர்னாண்டோவைச் சுற்றியிருந்த சீனித் தோட்டங்களின் துரைமாரும் வணிகர்களும் எழுதிய கடிதங்களால்தான் லேடி மக்லியோட் கப்பலின் பை நிறைந்தது. அந்த நீல முத்திரையின் படங்களை நான் எத்தனையோ நூல்களில் பார்த்திருக்கிறேன். கரும்பு வெட்டிய ஒருவர் எழுதிய கடிதத்தில் அது ஒட்டப்பட்டிருந்ததாக ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. முத்திரை யாருடைய கடிதம் போனது என்பதைச் சொல்கிறது. யாருடைய கடிதம் போகவில்லை என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே கடலில் இன்னொரு தீவு சென் தோமஸ். 1917இல் அமெரிக்காவுக்கு விற்கப்படும்வரை அது டென்மார்க்கின் கையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாட்டு நீராவிக் கப்பல்கள் வந்து கூடும் சந்தி அது. அங்கிருந்து வெனிசுவேலாவின் லா குவைரா, புவேர்ட்டோ கபேல்லோ துறைமுகங்களுக்குக் கடிதம் கொண்டுபோன கப்பற்சேவைக்கு 1864 முதல் தனி முத்திரைகள் இருந்தன. ஹம்பேர்க் அமெரிக்கன் என்ற ஜேர்மன் கப்பற் கம்பனியும் 1875இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கிடையே கொண்டுசெல்லும் கடிதங்களுக்காக ஒரு முத்திரை வெளியிட்டது. இவை உண்மையாகவே கடிதம் சுமந்தவை. ஆனால் இன்று இவற்றை வாங்க நினைப்பவர் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். சேகரிப்பவர்களின் ஆசையை அறிந்து, பின்னர் மறுபதிப்பாகவும் போலியாகவும் அச்சிட்டவை அந்த அளவுக்குச் சந்தையில் மலிந்திருக்கின்றன. அசலைவிடப் போலி அழகாகவும் துப்புரவாகவும் இருப்பதுண்டு. அது கடற்காற்றைக் கண்டதில்லையே!

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். இங்கிலாந்தின் மேற்கே, பிறிஸ்டல் கால்வாயின் வாயிலில், மூன்று மைல் நீளமும் அரை மைல் அகலமுமாக லண்டி என்றொரு பாறைத் தீவு இருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் அதன் பெயருக்கு பஃபின் பறவைத் தீவு என்று பொருள். பஃபின் என்பது வண்ண அலகுள்ள ஒரு கடற்பறவை. 1920களின் நடுப்பகுதியில் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்ற செல்வந்தர் இந்தத் தீவை விலைக்கு வாங்கினார். 1927ஆம் ஆண்டின் முடிவோடு பிரித்தானியத் தபால் திணைக்களம் தீவிலிருந்த கந்தோரை மூடிக்கொண்டது. தீவில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இருந்தன. அவர்களுடைய கடிதங்களை இரண்டு ஆண்டுகள் ஹார்மன் தம் செலவிலேயே பெருநிலத்துக்கு அனுப்பிவைத்தார். பின்னர் அந்தச் செலவை ஈடுகட்டுவதற்காக, 1929 நவம்பர் 1ஆம் திகதி சொந்த முத்திரைகளை வெளியிட்டார். அரை பஃபின் ஒன்று, ஒரு பஃபின் ஒன்று. ஒரு பஃபின் ஒரு பென்னிக்குச் சமம்.

ஹார்மன் அதோடு நிற்கவில்லை. ஒரு பக்கம் தம் தலையும் மறு பக்கம் பஃபினும் பொறித்த நாணயங்களையும் அடித்துப் புழக்கத்தில் விட்டார். அரசு சும்மா இருக்குமா? 1870ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தை மீறினார் என்று வழக்குத் தொடர்ந்தது. 1930இல் அவருக்கு ஐந்து பவுண் அபராதமும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டிலும் அவர் வெல்லவில்லை. நாணயம் போயிற்று. ஆனால் முத்திரை தப்பியது. காரணம் எளிது. நாணயம் அடிப்பது மன்னருக்கே உரிய அதிகாரம். முத்திரையோ, ஒரு சேவைக்கு வாங்கிய கூலிக்கான பற்றுச்சீட்டு. சுமந்தவன் கூலி கேட்பதை எந்த அரசும் ராஜத்துரோகம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நெடுங்காலமாக மன்னரின் தலை பொறித்த முத்திரையை உறையின் முகப்பில் ஒட்டவேண்டும்; பஃபின் முத்திரையின் இடம் உறையின் பின்புறம். ஒரே உறையில் இரண்டு கூலிகள்: முன்பக்கம் தரைவழிக்கு, பின்பக்கம் கடல்வழிக்கு. முன்பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கடிதம் கடல் கடந்த செய்தி தெரியாது. லண்டி தீவு 1969இல் நாட்டுமரபுகளைக் காக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் உடைமையாயிற்று. ஆயினும் பஃபின் முத்திரை நிற்கவில்லை. ‘ஓல்டன்பேர்க்’ என்ற கப்பல் பயணிகளையும் பொருள்களையும் தபாற் பையையும் ஏற்றிக்கொண்டு இன்றும் அந்தத் தீவுக்குப் போய்வருகிறது.

பிரான்சின் கரையோரமாக உள்ள கால்வாய்த் தீவுகளிலும் இதே கதைதான். குவேர்ன்சிக்குப் பக்கத்தில் ஹேர்ம் என்ற சின்னஞ்சிறு தீவு. அங்கிருந்த உப தபாற்கந்தோர் 1938இல் மூடப்பட்டது. 1949 முதல் அந்தத் தீவை நடத்தியவர்கள் சொந்த முத்திரை வெளியிட்டுத் தங்கள் படகில் கடிதங்களைக் குவேர்ன்சிக்குக் கொண்டுசென்றார்கள். 1960களில் கொமடோர் என்ற கப்பற் கம்பனியும் ஓல்டர்னி, சார்க் தீவுகளுக்கான தன் சேவைக்கு முத்திரைகள் வைத்திருந்தது. 1969 ஒக்டோபர் 1ஆம் திகதி குவேர்ன்சி தனது தபால் நிர்வாகத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. ஹேர்ம் தீவின் தனி முத்திரைக்கு அத்தோடு முடிவு வந்தது. நான் இதை ஒரு நல்ல மரணம் என்பேன். வாக்குறுதி மறுபடி வந்துவிட்டால், அதற்குப் பதிலாக நின்றவர் விலகிக்கொள்வதுதானே முறை?

எல்லாத் தீவுகளின் கதையும் இப்படி நேர்மையானதல்ல. நான் வாலிபனாக இருந்தபோது, வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து தபால் மூலம் ஒரு பொதி வரவழைத்தேன். உள்ளே ஸ்கொட்லாந்துத் தீவுகளின் பெயர் தாங்கிய முத்திரைகள். பறவைகள், மீன்கள், பழைய கப்பல்கள் என்று பளபளக்கும் வண்ணங்கள். அவற்றில் அதிகம் இருந்தது ஸ்டாஃபா என்ற தீவின் பெயர். ஒரு முழுப் பக்கத்தை அதற்கென்று ஒதுக்கி, பெருமையோடு ஒட்டிவைத்தேன். பல வருடங்களுக்குப் பின் ஒரு நூலில் அந்தத் தீவைப் பற்றி வாசித்தேன். எரிமலைப் பாறைத் தூண்கள் நிறைந்த அழகான தீவு. இசைமேதை மெண்டல்சன் 1829இல் சென்று பார்த்த குகை அங்கேதான் உள்ளது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தீவில் மனிதர் எவரும் வசிக்கவில்லை! நெடுங்காலமாகவே அது குடியற்ற தீவு. யாருடைய கடிதத்துக்காக அத்தனை முத்திரைகள்? வேண்டிய கடிதம் இல்லை. வாங்க ஆள் மட்டும் இருந்தது. அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

அன்றிலிருந்து ஒரு கப்பற் கம்பனி முத்திரை கைக்கு வந்தால் நான் அழகைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் சில கேள்விகள். அந்தத் தீவில் ஆட்கள் இருந்தார்களா? அவர்களுடைய கடிதங்களை ஏற்ற ஒரு கப்பலோ படகோ உண்மையாக ஓடியதா? அரசின் தபால் அங்கே எட்டாதிருந்ததா? அந்தக் கூலியை உண்மையில் அறவிட்டார்களா? இவற்றுக்குச் சிறந்த விடை தனி முத்திரையில் கிடைக்காது. முழு உறையில்தான் கிடைக்கும். இரண்டு முத்திரைகளும், எழுதியவர் கையால் எழுதிய முகவரியும், பெருநிலத் தபாற்கந்தோரின் வட்டக் குறியும் அதில் இருக்கும். அந்தக் குறியில் திகதி இருக்கும். எந்த நாளில், எந்தத் துறையில், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு அந்தக் கடிதம் மாறியது என்பதை உறை சொல்லிவிடும். உறையிலிருந்து வெட்டியெடுத்த முத்திரை, நூலிலிருந்து கிழித்தெடுத்த படத்தைப் போன்றது. படம் இருக்கும், கதை போய்விடும்.

நேயர்களே, இதைச் சொல்லும்போது என் ஆச்சியின் அடுப்பங்கரை என் கண்முன் வருகிறது.

பெரியப்பா காலமாகிவிட்டார், ஆச்சி அவருக்கு முன்னரே போய்விட்டா. ஆச்சி அவருடைய கடிதங்களை ஒரு றங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தா. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியபோது, அந்தப் பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது வீட்டில் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. என் முத்திரைப் புத்தகம் மட்டும் கொழும்பில் என்னோடு இருந்ததால் தப்பியது. அதில் பெரியப்பாவின் கடிதங்களிலிருந்து நான் உரித்தெடுத்த முத்திரைகள் இன்றும் இருக்கின்றன. துப்புரவாகக் கழுவப்பட்டவை, பின்புறத்தில் பசையின் சுவடுகூட இல்லை. சிலவற்றின் ஓரத்தில் வட்டக் குறியின் ஒரு கீற்றுத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஊரின் பெயரோ திகதியோ முழுதாக இல்லை. மிகுதி வட்டம் அடுப்பில் எரிந்தது. ஆச்சி சொன்ன அந்தக் கையெழுத்தும் எரிந்தது.

பெட்டி போனதற்கு யுத்தத்தைச் சொல்லலாம். உறைகள் போனதற்கு நான் யாரைச் சொல்வேன்?

வடக்கின் தரைவழி அடைபட்டிருந்த அந்த ஆண்டுகளில், ஊரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்கள் ஆகும். கசங்கி, ஈரம்பட்டு, ஓரம் பிய்ந்து வரும். அந்த உறைகள் ஒன்றிலும் நான் கத்தரிக்கோல் வைக்கவில்லை. முத்திரைகள் சாதாரணமானவை, சந்தையில் ஒரு சதமும் பெறாதவை. ஆனால் எழுதிய திகதிக்கும் வந்து சேர்ந்த திகதிக்கும் இடையிலுள்ள நாட்கள் அந்த உறையில்தான் பதிந்திருக்கின்றன. என் சேகரிப்பில் விலைமதிக்க முடியாதவை எவை என்று கேட்டால், நான் அவற்றைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

கடிதம் எழுதும் பழக்கம் அருகிவிட்ட காலம் இது. விரலால் தொட்டவுடன் செய்தி கடல் கடந்துவிடுகிறது. கூலியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. காத்திருந்தவர்களுக்குத்தான் விரைவின் அருமை தெரியும். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டு அலுமாரியிலோ பழைய பெட்டியிலோ உறையோடு கூடிய கடிதங்கள் இன்னும் இருக்கலாம். பிள்ளைகள் முத்திரை சேர்க்கக் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். ஆனால் உறையோடு கொடுங்கள். மூலையை வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஏன் வெட்டக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், ஒருவேளை கேட்பார்கள்.